மச்சாளின் இரக்கம்

என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, என்னை ஒருநாளும் ஏசியதில்லை. கலியாணம் முடித்து ஓலைத்தொடுவாய்க்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு கடுஞ்சொல் வந்ததில்லை. அதுதான் என் கரைச்சலே. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனதை ஆற்றியிருப்பேன். அவர் ஏசமாட்டார், இரங்குவார். "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே என் கையில் இருக்கும் கத்தியையோ அகப்பையையோ மெதுவாக வாங்கிவிடுவார். இரக்கப்படுகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? பிடித்துப் பாருங்கள், ஊர் முழுக்க உங்களைத்தான் பிழை சொல்லும்.

வந்த புதிதில் ஒரா மீன் வெட்டப்போய்க் கையில் குத்து வாங்கினேன். ஒராவின் முள்ளில் நஞ்சு இருக்கிறது, முதலில் முள்ளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மீனில் கை வைக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். நான் வளர்ந்தது அடம்பன் பக்கம், வயலுக்கும் குளத்துக்கும் நடுவில். குளத்து மீனைப் பிடிப்பதுபோல ஒராவை இறுக்கிப் பிடித்துவிட்டேன். கை வீங்கி, உயிர் போகிற வலி. மச்சாள்தான் ஓடிவந்து சுடுநீரில் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். நல்ல மனுசிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதை அன்றோடு முடியவில்லை. கலியாண வீடு, ஞானஸ்நான வீடு, ஏன், செத்த வீட்டில்கூட, நாலு பெண்கள் கூடி இருந்தால் மச்சாள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தொடங்குவார்: "எங்கட பிள்ளைக்கு ஒரா கடிச்ச கதை தெரியுமோ?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோசக்காரி என்று பெயர் வரும்.

என் அப்பாவின் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்து குடியேறினார்கள். அப்பா ஊரார் வயலில் கூலிக்கு நின்று என்னைப் படிப்பித்தார். நான் மன்னாரில் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேசை இருக்கிறது, கதிரை இருக்கிறது, அலுமாரித் திறப்புக் கொத்து என் கையில் இருக்கிறது. பெரிய பெரிய ஆட்கள் வந்து "மிஸ், இதை ஒருக்காப் பாருங்கோ" என்று நிற்பார்கள். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வீட்டு வாசலில் கால் வைத்தால், நான் திரும்பவும் ஒன்றும் தெரியாத பாவம் ஆகிவிடுவேன்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேதத்தைப் பற்றிய பேச்சு. எங்கள் பாட்டன், பூட்டன் எல்லோரும் தோட்டத்துக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். நான் பிறந்ததே வேதக்காரியாக. ஆனால் தோட்டத்து ஆட்கள் என்றால் சைவமாகத்தான் இருக்க வேண்டும் என்று மச்சாளுக்கு ஓர் எண்ணம். "பிள்ளை புதுசா வேதத்துக்கு வந்தவ, மெல்ல மெல்லப் பழகும்" என்று கோயில் வாசலில் வைத்து ஆட்களிடம் சொல்வார். முதலில் திருத்திப் பார்த்தேன். "ஓம் ஓம், அப்பிடியே" என்று முதுகைத் தடவிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே இன்னொருவருக்குச் சொன்னார். கடைசியில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடினால் அதோடு போய்விடும் என்று நினைப்பது மடைத்தனம். சொல்லாத சொல் உள்ளே போய் வேலை செய்யத் தொடங்கிவிடும். தனியே சமைக்கும்போது ஒழுங்காக வரும் குழம்பு, மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றால் உப்புக் கூடிவிடும். யாரும் ஒன்றைக் கேட்டால், தெரிந்த விடைகூடத் தெரியுமா என்று எனக்கே சந்தேகம் வந்து, அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் சிரிப்பார். "பார்த்தியா, நான் சொன்னனான்தானே" என்பதுபோல இருக்கும் அந்தச் சிரிப்பு. இரவில் கணவரிடம் சொன்னால், அவருக்கு ஒரே ஒரு பதில்தான்: "அக்கா நல்லதுக்குத்தானே சொல்லுறா." நல்லவர்தான் அவரும். அந்த ஒரு வசனத்தால் என் வாயை எத்தனை தரம் அடைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தாள்.

போன வருடம் அவள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்துக்குப் புறப்பட்டேன். மகள் படியில் நின்று, "நீங்கள் வந்தால் ஒண்டும் கதைக்காதேங்கோ அம்மா. மாமியும் வாறா, அவ கதைப்பா" என்றாள். மாமி என்றால் மச்சாள்தான். கெட்ட நோக்கத்தோடு சொல்லவில்லை. மச்சாளின் அதே மெல்லிய குரல், அதே சாய்த்த தலை. கந்தோரில் எத்தனை பேருக்கு எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்! என் பிள்ளையின் ஆசிரியரோடு கதைக்க எனக்கு வராதாம். அன்று ஏசினேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். மாமி பாலைக் காய்ச்சிக் கொடுத்து, "அம்மாட மனசை நோகடிக்கக் கூடாது, பாவம்" என்று சொல்லி அனுப்பினார். அதற்கு நான் அவளை ஏசாமலே இருந்திருக்கலாம்.

ஐப்பசியில் செபமாலை மாதம். எங்கள் வட்டாரத்தில் மாதாவின் சுரூபம் வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒருநாள் தங்கும். பின்னேரம் அயல் முழுக்கக் கூடி வர, அந்த வீட்டுப் பெண்தான் செபமாலையைத் தொடங்கிச் சொல்ல வேண்டும். பிறகு கடலையும் தேத்தண்ணியும் கொடுத்து, அடுத்தநாள் சுரூபத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இத்தனை வருடமும் நாங்கள் மாமியார் வீட்டில் ஒட்டுக்குடித்தனம், ஆகையால் எனக்கு அந்த முறை வரவில்லை. போன வருடம்தான் எங்கள் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். முதல்முறையாக மாதா என் வீட்டுக்கு வரப்போகிறார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மச்சாள் ஒரு கிழமைக்கு முன்னரே வந்துவிட்டார். "நீ ஒண்டுக்கும் யோசியாத பிள்ளை. செபத்தை நான் சொல்லுறன். நீ கடலையைப் பார்த்துக்கொள்."

"நானே சொல்லுறன் மச்சாள்" என்றேன்.

"அட, உனக்கேன் வீண் கரைச்சல்? அத்தனை சனத்துக்கு முன்னால தடுமாறினால் உனக்குத்தானே வெக்கம்" என்று என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது.

அன்று இரவே அப்பாவுக்குப் போன் எடுத்து வரச் சொன்னேன். மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வந்துவிட்டு அன்றே திரும்பிப் போனவர், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவரும் வந்திருப்பார். நான் செபம் சொல்வதை என் ஆட்களில் ஒருவராவது இருந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது, மறைக்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மகள், நான் போனை வைத்ததும், "தாத்தா கட்டாயம் வரவேணுமோ?" என்றாள்.

"ஏன், வந்தால் என்ன?"

"ஒண்டுமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளும் செபத்துக்கு வருவினம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் தன் சிநேகிதிகளிடம் அம்மாவின் ஊர் யாழ்ப்பாணம் என்று சொல்லி வைத்திருக்கிறாள் என்பது ஏற்கனவே என் காதுக்கு வந்திருந்தது. கேட்டால் அதை ஒத்துக்கொள்வாளோ, இல்லையென்று பொய் சொல்வாளோ, எதைக் கேட்டாலும் எனக்கு நெஞ்சு உடைந்திருக்கும்.

அப்பா இரண்டு பஸ் மாறி மத்தியானம் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், கையில் எருமைத் தயிர்ச் சட்டி, தோளில் ஒரு பை நிறையப் பாகற்காய். மச்சாள் வாசலுக்கே போய் வரவேற்றார். "ஐயோ பாவம், இதையெல்லாம் ஏன் ஐயா தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்? இஞ்ச கடையில எல்லாம் இருக்குத்தானே" என்று சட்டியை வாங்கி அடுப்படி மூலையில் வைத்தார். பிறகு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே, முற்றத்துப் பூவரசமரத்தடியில் போட்டார். "உள்ள புழுக்கமா இருக்கும். நீங்கள் இதில இருங்கோ ஐயா, நல்ல காத்து." காற்று நல்ல காற்றுத்தான். உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசையில் மாதா இருந்தார், மாதாவுக்கு முன்னால் மச்சாளின் ஆட்களுக்குப் பாய் விரித்திருந்தது.

"அப்பா உள்ளுக்கு இருக்கட்டும்" என்றேன்.

"இருக்கட்டும் புள்ள. இங்கயே நல்லாத்தான் இருக்கு" என்று அப்பா சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

பின்னேரம் வீடு நிரம்பியது. அயல் பெண்கள், பிள்ளைகள், மகளின் வகுப்புப் பிள்ளைகள் சிலர். ஆண்கள் வாசலில் நின்றார்கள். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. மச்சாள் மேசைக்கு முன்னால் முழந்தாளிட்டுத் தன் செபமாலையை எடுத்தார். நான் அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

"மச்சாள், நான் சொல்லுறன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து என் மகள் பேசினாள். "அம்மாக்கு வராது மாமி. நீங்களே சொல்லுங்கோ."

யாரோ ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. ஒரு தாய் "உஷ்" என்றாள். மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் எவ்வளவு இரக்கம்! அந்த இரக்கத்தைப் பிடுங்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. முற்றத்தில் அப்பா இருக்கிறார், அவர் காதிலும் விழுந்திருக்கும் என்று நினைத்தபோது முகமெல்லாம் எரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மகளை அப்போது பார்த்திருந்தால் அழுதிருப்பேன். சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கிவிட்டேன்.

செபமாலையின் முதற்பகுதியான முதலாம் தேவ இரகசியத்தில் ஓரிடத்தில் மூச்சு வாங்கி நின்றேன். ஒரு நொடிதான். அதற்குள் மச்சாள் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தார். எனக்குத் தெரிந்த சொல்தான் அது. அதற்குப் பிறகு நான் சொல்வதற்கெல்லாம் முன்னால் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல. நான் குரலை உயர்த்தினேன். சனம் பதில் சொல்லும்போது முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. அவர் பழைய செபத்தைச் சொன்னார். "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று தொடங்கும், இப்போது எந்தக் கோயிலிலும் சொல்லாத, எங்கள் தோட்டத்துக் கோயிலில் அவர் சின்ன வயதில் பாடமாக்கிய செபம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள். வயதான பெண்கள் இரண்டு பேர் தலையைத் திருப்பிக் கேட்டார்கள்.

புதிதாக வேதத்துக்கு வந்தவர்களுக்கு அந்தச் செபம் எப்படித் தெரியும்? மச்சாளுக்கு இப்போதாவது விளங்கும் என்று எனக்குள் ஒரு துள்ளல். செபம் முடிந்து கடலை கொடுக்கும்போது அவர் பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது காதில் விழுந்தது: "பாவம் ஐயா, எங்கட செபம் இன்னும் பாடமில்லை. ஆனால் பாருங்கோவன், எவ்வளவு ஆசையாச் சொல்லுறார்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வந்து, எல்லோருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தார். "பரவாயில்லையே! எங்கட பிள்ளை நல்லாத்தானே சொல்லிப்போட்டுது. நான் பயந்துகொண்டு இருந்தனான்."

"மச்சாள், நான் சின்னப் பிள்ளையில்லை" என்றேன். "எனக்குப் பேசத் தெரியாது, செபம் தெரியாது எண்டு இவ்வளவு காலமும் ஊருக்குச் சொல்லிப்போட்டீங்கள். இண்டைக்கு என்ர பிள்ளையும் சொல்லுது. இனி என்னைப் பாவம் எண்டு சொல்லாதேங்கோ."

அவர் திகைத்துப்போனார். உதடு துடித்தது, கண் கலங்கியது. "நானோ? நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள். கணவர் வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். மாதா வீட்டுக்கு வந்த நாளில் நல்ல மனுசியை அழவைத்த பாவி ஆகிவிட்டேன். மகள் ஓடிப்போய் மாமியின் மடியில் படுத்துக்கொண்டாள்.

சனம் போனபின் அப்பாவிடம் போய் நின்றேன். ஏதாவது சொல்வார், என் பக்கம் நின்று ஒரு சொல்லாவது சொல்வார் என்று ஏங்கினேன். அவர் கடலைத் தட்டைக் கையில் கொடுத்தார். "நல்ல மனுசங்க புள்ள. கதிரையெல்லாம் போட்டுக் குடுத்தாங்க. நீ ஏன் கோவப்பட்ட?" என்றார். இந்த மனுசனுக்கு ஒன்றுமே விளங்கவில்லையே என்று இரவு முழுக்கப் புரண்டு படுத்தேன்.

காலையில் அப்பா புறப்பட்டார். பஸ் பிடிக்கப் பெரிய ரோட்டுக்குப் போக வேண்டும். நான் கூடப் போனேன். மகளையும் கூப்பிட்டேன். தாத்தாவின் பையைத் தூக்கிக்கொண்டு வா என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்தாள். இரவில் பெய்த மழையில் மணல் இறுகிக் கிடந்தது. அப்பா நெல் விதைப்பைப் பற்றியும், இந்த முறை குளத்துக்குத் தண்ணீர் நேரத்தோடு வரும் என்றும் பேசிக்கொண்டே நடந்தார். நான் ஓம் ஓம் என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மகளின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ரியூசனுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினாள். முதல்நாள் செபத்துக்கு வராத பிள்ளை. அவள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பை தூக்கிக்கொண்டு நின்ற என் மகளைப் பார்த்தாள்.

"இது ஆரடி?"

மகள் என்னைப் பார்த்தாள், சாரத்தை மடித்துக் கட்டிய தாத்தாவைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். சொல்லு, சொல்லிவிடு என்று எனக்குள்ளே கெஞ்சினேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான் வேலைக்கு வந்தேம்மா. இவங்க வீட்டுல வேலி கட்ட வந்தேன். வேல முடிஞ்சிருச்சு, போறேன்" என்று அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளை மிதித்தாள். பஸ் வந்தது. அப்பா மகளின் கையிலிருந்து பையை வாங்கினார். எப்போதும் புறப்படும்போது அவள் தலையில் கைவைத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தான் போவார். அந்தச் சைக்கிள் பிள்ளை இன்னும் பார்வையில் இருந்ததால் அன்று கையைத் தூக்கவில்லை. ஏறி, மறுபக்கச் சீற்றில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. கதிரையும் காற்றும், பிள்ளை சொன்ன சொல்லும் எல்லாம். நான்தான் இரவு முழுக்க அவரைப் பாவம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பஸ் போன பிறகும் மகள் அசையவில்லை. "அம்மா, தாத்தா ஏன் பொய் சொன்னவர்?" என்றாள்.

"ஆரோ வேலையாள் எண்டு நீ சொல்லிப்போடுவாய் எண்டு நினைச்சவர். உன்ர வாயால அதைக் கேக்க அவருக்குப் பயம்."

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டன்" என்று கத்தினாள். கண் நிறைந்துவிட்டது.

நான் அவளைத் தேற்றவில்லை. "பின்னை என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டேன்.

அவள் பஸ் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வீடு வரும்வரை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.